ஓவன்ஸ் ஜெயித்தார், ஓஹியோ ஸ்டேட் ஜெயிக்கவில்லை

அமெரிக்கத் தடகள வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் என்றால் எல்லோரும் பெர்லின் ஒலிம்பிக்கைத்தான் பேசுவார்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் ஆண்கள் தடகளப் போட்டியில் அவர் செய்ததும் சாதாரணமானது இல்லை. 1935-இல் பெர்க்லியில் நான்கு பட்டம். 1936-இல் சிகாகோவில் மறுபடியும் நான்கு. ஆனால் அந்த இரண்டு வருடமும் அணிக் கோப்பை அவர் படித்த ஓஹியோ ஸ்டேட்டுக்குக் கிடைக்கவில்லை. யு.எஸ்.சி. (தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) கொண்டுபோனது.

இந்தப் போட்டியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான். ஓடுகிறவர், தாண்டுகிறவர், எறிகிறவர் எல்லோருடைய புள்ளியும் ஒரே கணக்கில் சேரும். இப்போதைய முறையில் முதலிடத்துக்கு 10, எட்டாவது இடத்துக்கு 1. எத்தனை பெரிய வீரர் வந்தாலும் தனி ஆளாகக் கோப்பையைத் தூக்குவது கஷ்டம். டீன் குரோம்வெல் பயிற்சியில் யு.எஸ்.சி. 1935 முதல் 1943 வரை தொடர்ந்து ஒன்பது முறை ஜெயித்தது அந்தப் பரந்த பலத்தால்தான். பெர்லினில் கோல் ஊன்றித் தாண்டுதலில் தங்கம் வென்ற ஏர்ல் மெடோஸ் அந்த அணிக்காரர்.

என்.சி.ஏ.ஏ. நடத்திய முதல் தேசியப் போட்டியே இதுதான், எந்த விளையாட்டிலும். 1921-இல் சிகாகோவில் தொடங்கியது, இல்லினாய் பல்கலைக்கழகம் ஜெயித்தது. பிறகு ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் பிரிஃபோன்டெய்ன் 1970 முதல் 1973 வரை நெடுந்தூர ஓட்டத்தில் நான்கு முறை தொடர்ந்து முதலிடம். 1992 முதல் 1999 வரை எட்டு வருடம் அணிக் கோப்பையில் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் ராஜ்யம். அதன் கோச் ஜான் மெக்டொனல் அயர்லாந்தில் பிறந்தவர்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் இருந்தது. கென்யாவின் ஹென்றி ரோனோ வாஷிங்டன் ஸ்டேட்டில் படிக்கும்போதுதான் 1978-இல் 81 நாட்களுக்குள் நான்கு உலக சாதனைகளைப் படைத்தார். நம்மவர்களும் உண்டு. 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கம் லாஸ் ஏஞ்சலஸின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் படித்தவர். டெல்லித் தமிழ்க் குடும்பத்துப் பையன் தேஜஸ்வின் சங்கர், கான்சாஸ் ஸ்டேட் மாணவராக 2018-லும் 2022-லும் என்.சி.ஏ.ஏ. உயரம் தாண்டுதல் பட்டத்தையே வென்றார். அதே 2022-இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் வெண்கலம். அந்தப் பிரிவில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம்.

இந்தக் கதவைத்தான் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்துகிறார்கள். 2025 ஜூனில் ஒரு நீதிமன்றத் தீர்வு வந்தது. கல்லூரிகள் வருடத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். வீரர்களுக்குப் பணம் போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, ஓவன்ஸே வேலை பார்த்துக்கொண்டுதான் படித்தார். ஆனால் அதில் பெரும் பங்கு அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் பாஸ்கெட்பாலுக்கும் போகிறது. வருமானம் தராத விளையாட்டுகளின் கழுத்தில் கத்தி. அதே மாதம் வாஷிங்டன் ஸ்டேட் தாண்டுதலையும் எறிதலையும் மொத்தமாக நிறுத்துவதாக அறிவித்தது. குறுந்தூர ஓட்டத்தையும் சுருக்கிவிட்டு, நெடுந்தூரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுமாம். ரோனோவின் கல்லூரியில் இனி ஒரு தேஜஸ்வினுக்கு இடம் இல்லை.

தாண்டுகிறவரும் எறிகிறவரும் இல்லாத அணியைத் தடகள அணி என்று எப்படிச் சொல்வது? அந்த ஜூனில்தான் யு.எஸ்.சி.யும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மும் ஆளுக்கு 41 புள்ளியோடு கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. யாரோ ஒருவர் எதிலாவது ஓர் இடம் முன்னால் வந்திருந்தால் முடிவே வேறு.

இது விதி என்று விட்டுவிட வேண்டியதில்லை. கிளெம்சன் பல்கலைக்கழகம் 2020-இல் ஆண்கள் தடகளத்தையே மூடப்போவதாகச் சொன்னது. எதிர்ப்பு வலுத்ததும் 2021-இல் முடிவை மாற்றிக்கொண்டது. வாஷிங்டன் ஸ்டேட்டின் பழைய மாணவர்களும் அப்படி நெருக்க வேண்டும். ஃபுட்பால் பணத்தில் ஒரு சிறு பங்கை மற்ற விளையாட்டுகளுக்கு ஒதுக்கியே ஆகவேண்டும் என்று என்.சி.ஏ.ஏ.வும் விதி கொண்டுவர வேண்டும்.