இசை வரலாறு: முதல் செமஸ்டரிலேயே சான்றைக் கையில் கொடுங்கள்

பி.ஏ. இசை முதலாண்டுப் பிள்ளைகளிடம் தியரி பேப்பர் எப்படிப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். "மனப்பாடம் பண்ணியாச்சு" என்பார்கள். 72 மேளகர்த்தா என்கிற தாய் ராகங்கள், மும்மூர்த்திகள் பாட்டில் வைத்த முத்திரைப் பெயர், அவர்கள் பிறந்த ஆண்டு, ராக லட்சணம். பரீட்சை முடிந்ததும் நோட்ஸ் பரணுக்குப் போய்விடும். பாட்டு வகுப்பில் உயிரைக் கொடுத்துப் பாடுகிற இதே பிள்ளைகளுக்கு வரலாறு மட்டும் ஒட்டுவதில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடையை மட்டும் கொடுக்கிறோம், அது எங்கிருந்து கிடைத்தது என்று காட்டுவதே இல்லை.

புதுக்கோட்டைப் பக்கத்துக் குடுமியான்மலையையே எடுத்துக்கொள்வோம். நோட்ஸில் அது ஒரே வரி: "7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் வெட்டுவித்த இசைக் கல்வெட்டு." ஆனால் அந்தக் கல்வெட்டில் மகேந்திரவர்மன் என்ற பெயரே இல்லை. ருத்ராசாரியரின் சீடனும் பரம மாகேசுவரனுமாகிய (தீவிர சிவபக்தனாகிய) அரசன் ஒருவன் மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்றுதான் இருக்கிறது. மகேந்திரவர்மன் என்பது ஆய்வாளர்களின் ஊகம். அதை ஏற்பவர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு.

கல்வெட்டில் ஏழு பிரிவுகள். சுரங்கள் நான்கு நான்காக வரிசை கட்டி நிற்கின்றன. ஒரே சுரம் ர, ரி, ரு, ரெ என்று உயிர் மாறி மாறி வருகிறது. அந்த உயிர்மாற்றம் சுருதி (நுண்ணிய சுர அளவு) வேறுபாட்டைச் சொல்கிறதா, கருவியில் மீட்டும் முறையைச் சொல்கிறதா? இன்னும் விவாதம் ஓயவில்லை. எல்லாம் முடிந்த பிறகு தமிழில் ஒரு வரி: "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய." எந்த எட்டு, எந்த ஏழு? கல்வெட்டின் மைப்படி (கல்லில் மை தடவித் தாளில் ஒற்றி எடுத்த படி) ஒன்றை நகலெடுத்து மேசைமேல் போட்டு இந்த ஒரு கேள்வியைக் கேட்டால், அன்றைக்கு வகுப்பில் யாரும் தூங்கமாட்டார்கள். மாணவர்களுக்காக என்று சொல்லியே ஓர் அரசன் வெட்டிவைத்ததை ஐந்து மதிப்பெண் விடையாகச் சுருக்கிவிட்டோமே என்று எனக்கு நிஜமாகவே வலிக்கிறது.

ச முதல் மேல் ச வரை 22 சுருதி என்கிற கதையும் இதுதான். தீர்ந்துபோன விஷயம் மாதிரி எழுதிப் போடுகிறோம். தஞ்சாவூரில் சித்த மருத்துவம் பார்த்துவந்த ஆபிரகாம் பண்டிதர், சொந்தப் பணத்தில் இசை மாநாடுகள் கூட்டி, 1916இல் பரோடா மாநாடு வரை போய், 24 சுருதி என்று வாதாடினார். 1917இல் வந்த அவருடைய கருணாமிர்த சாகரம் என்ற நூல் பக்கம் பக்கமாகக் கணக்குப் போடுகிறது. அவர் சொன்னதை ஏற்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் "முக்கிய நூல்கள்" பட்டியலில் பெயரை மட்டும் வைத்துவிட்டு, அவர் யாரோடு எதற்காக மல்லுக்கு நின்றார் என்பதை மறைப்பது அநியாயம்.

"முதல் வருஷத்தில் இதெல்லாம் தாங்காது, முதலில் பாடக் கற்றுக்கொள்ளட்டும், ஆராய்ச்சியெல்லாம் எம்.ஏ.வில் பார்த்துக்கொள்ளலாம்" என்று மூத்த ஆசிரியர்கள் சொல்வதுண்டு. பாட்டுப் பயிற்சி முக்கியம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் நல்ல காது உள்ள பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இது பாரமே இல்லை. வீணை தனம்மாள் 1932இல் கொடுத்த இசைத்தட்டைப் போட்டுக் காட்டுங்கள். தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான். அந்தக் காலத்து ஆலாபனையே அவ்வளவுதானா, இல்லை தட்டில் இடமே அவ்வளவுதானா என்று கேளுங்கள். பிள்ளைகளே பதில் கண்டுபிடிப்பார்கள். எட்டயபுரத்தில் 1904இல் சுப்பராம தீட்சிதர் கமகக் குறிகளோடு (சுரத்தை அசைத்துப் பாடுவதைக் காட்டும் குறிகளோடு) அச்சேற்றிய ஒரு கீர்த்தனையை அதே கீர்த்தனையை இன்று கச்சேரியில் பாடும் பாடாந்தரத்தின் பக்கத்தில் வையுங்கள். எங்கே மாறியிருக்கிறது என்று அவர்களே பாடிக் காட்டுவார்கள். தியரியும் பிராக்டிகலும் அந்த இடத்தில்தான் சேர்கின்றன.

செலவும் பெரிதில்லை. பழைய இசைத்தட்டுப் பதிவுகள் நிறைய இணையத்திலேயே கேட்கக் கிடைக்கின்றன. புதுக்கோட்டையிலிருந்து குடுமியான்மலை சுமார் 20 கிலோமீட்டர்.

பாடத்திட்டக் குழுவில் இருக்கும் நண்பர்களிடம் கேட்பது இதுதான். ஆண்டுகளையும் பெயர்களையும் எடுத்துவிட வேண்டாம், இருக்கட்டும். வினாத்தாளில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் மாற்றுங்கள். "குடுமியான்மலைக் கல்வெட்டு பற்றிக் குறிப்பு வரைக" என்பதற்குப் பதிலாக, "இதை மகேந்திரவர்மன் வெட்டுவித்தான் என்பதற்குச் சொல்லப்படும் ஆதாரங்கள் எவை? உங்களுக்கு அவை போதுமானவையாகத் தோன்றுகின்றனவா?" என்று கேளுங்கள். கேள்வி மாறினால் நோட்ஸ் மாறும், நோட்ஸ் மாறினால் வகுப்பும் மாறியே தீரும்.