மாமாவின் கேள்விக்குச் சிரித்தவர்களுக்கு

ஞாயிறன்று மொரீஷியஸின் மாயேபூரில், ஏற்றவற்ற நீரோட்டத்தில் சுழன்று மின்சாரம் தரும் கடலடி டர்பைன்களைப் பற்றிய கூட்டத்தில் நடந்ததைப் பலரும் காணொளியில் பார்த்துவிட்டீர்கள். "கடலடி டர்பைனால் மீனுக்குத் தீங்கில்லை என்று ஐரோப்பாவில் நிரூபித்தாயிற்று" என்று உரையாளர் முடித்ததும், "கீழே இறங்கிப் பார்த்தது யார்?" என்று என் மாமா கேட்டார், அரங்கம் சிரித்தது. நாற்பது ஆண்டுகளாக மூங்கில் கூடு போட்டு மீன் பிடிப்பவர் அவர்.

கடலடி டர்பைன் துறையின் தலையாய கேள்வியே அதுதான், அறிஞர் பெருமக்களே. வட அயர்லாந்தின் ஸ்டிராங்போர்டு கடற்கழியில் 2008-இல், 16 மீட்டர் விட்டமுள்ள இரு சுழலிகளோடு சீஜென் என்ற டர்பைன் நிறுவப்பட்டது. கடல்நாய் நெருங்குவது சோனாரில் (ஒலியலையால் நீருக்கடியில் காணும் கருவியில்) தெரிந்தால் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும் என்பது ஏற்பாடு. சில ஆண்டுக் கண்காணிப்புக்குப் பின், பெரிய பாதிப்பு எதுவும் காணப்படவில்லை என்று அறிக்கை வந்தது. நல்லது. ஆனால் விலங்கு அருகே வந்தாலே நின்றுவிடும் இயந்திரம், சுழலும்போது அதை என்ன செய்யும் என்பதற்கு எப்படிச் சான்றாகும்? காணவில்லை என்பது வேறு; இல்லை என்பது வேறு.

ஸ்காட்லாந்தின் பென்ட்லண்டு நீரிணையில் நீரொலிவாங்கிகள் வைத்துக் கேட்டதில், டால்பினை ஒத்த கடற்பன்றிகள் சுழலும் டர்பைனை விட்டு விலகிப் போவது தெரிந்தது. மகிழ்ச்சி; ஆனால் கடற்பன்றி ஓயாமல் ஒலி எழுப்புவதால்தான் அது தெரிந்தது. வாய் திறவாத மீனை எந்தக் காதால் கேட்பது? கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் கலங்கல் நீர் கேமராவை மறைக்கிறது, குமிழிகள் சோனாரைக் குழப்புகின்றன. 2018-இல் அங்கே டர்பைன் இறங்கிய சில நாளிலேயே அதைச் செய்த நிறுவனத்தை மூடும் அறிவிப்பு வந்தது. இயந்திரம் மட்டும் கடலடியில் கிடந்தது. காணவில்லை என்பது வேறு. பார்க்கவே ஆளில்லை என்பது இன்னும் வேறு.

"அப்படியானால் நிலக்கரியையே எரிப்போமா?" என்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. டர்பைனை இறக்குமுன் சில ஆண்டுகள் அந்தக் கடலைக் கணக்கெடுங்கள், இறக்கிய பின்னும் விடாமல் பாருங்கள் என்கிறேன். "நம் தீவில் ஏற்றவற்றம் அரை மீட்டர் அளவுதானே, இங்கே எதற்கு இந்தக் கவலை?" என்று ஒருவர் எழுதியிருந்தார். சரிதான், பிறகு இங்கே மேடை போட்டு நிரூபணம் எதற்கு?

2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் நம் பவளத்திட்டில் ஏறியபோதும், கவலைப்பட ஒன்றுமில்லை என்ற பேச்சையே பன்னிரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தோம். ஆகஸ்டு 6-இல் எண்ணெய் கசிந்தது. எண்ணெயைத் தடுக்கக் கரும்புத் தோகையைத் திணித்து மிதவை தைத்தவர்களில் மாமாவும் ஒருவர். அவர் நகக்கண்ணில் ஏறிய கறுப்பு வாரக்கணக்கில் போகவில்லை. அன்று அவரைப் பார்த்து எவரும் சிரிக்கவில்லை.

பேருந்தில் திரும்பும்போது, "அந்தக் கடல்நாய்க்கு அடிபடுமா படாதா, அதை மட்டும் சொல்" என்றார்.

"அது வந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள், மாமா" என்றேன்.