கூரை உண்டு, மாமா

(கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட். நவம்பர் மாதம். வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. வாசலில் மேலே திறந்து நிற்கும் இரண்டு இருக்கைக் கார், 1992 மாடல் மாஸ்டா மியாட்டா.)

மாமா: மாப்பிள்ளை, தூறல் விழுகிறது. வண்டியை எதையாவது போட்டு மூடிவிடுங்கள்.

மாப்பிள்ளை: கூரையைப் போடலாம், மாமா. கையுறை எங்கே வைத்தேன் என்றுதான் தேடுகிறேன்.

மாமா: அப்படியானால் கூரை உண்டா? மே மாதம் வந்து இறங்கினேன், இதுவரை கண்ணில் படவில்லை. மொட்டை வண்டி என்று விலை குறைத்துக் கொடுத்தார்களோ என்று நினைத்தேன். பெண் கொடுத்த வீட்டில் எப்படிக் கேட்பது?

மாப்பிள்ளை: இருக்கைக்குப் பின்னால் மடங்கிக் கிடக்கிறது. இங்கே கோடையில் மழையே கிடையாது. அதனால் மடக்கியது மடக்கியபடியே இருந்துவிட்டது.

மாமா: நாமக்கல்லில் முப்பது வருடம் லாரி வைத்திருந்தவன் நான். ஆறு மாதம் மடித்துப் போட்ட தார்ப்பாயை என் கிளீனர்கூடத் தொட மாட்டான். சரி, இழுங்கள்.

(இழுக்கிறார்கள். முன்கண்ணாடிச் சட்டத்துக்கு நான்கு விரற்கடை முன்னாலேயே கூரை நின்றுவிடுகிறது.)

மாமா: துணி சுருங்கிவிட்டதா, வண்டி வளர்ந்துவிட்டதா?

மாப்பிள்ளை: வினைல், மாமா. மடிப்பிலேயே கிடந்தால் விறைத்துவிடும். வெயிலில் கொஞ்சம் சூடானால் இளகும்.

மாமா: ஆறு மாதம் வெயில் கொளுத்தியபோது மூடவில்லை. இப்போது மூடுவதற்கு வெயில் வேண்டுமா? அது போகட்டும், பின்னால் மஞ்சளாக, நொறுங்கின அப்பளம் போல இருக்கிறதே, அது என்ன?

மாப்பிள்ளை: பின்பக்க ஜன்னல். பிளாஸ்டிக். ஜிப்பைத் திறந்து அதைத் தட்டையாகப் படுக்கவைத்த பிறகுதான் கூரையை மடக்க வேண்டும்.

மாமா: திறந்தீர்களா?

மாப்பிள்ளை: அன்றைக்குக் கொஞ்சம் அவசரம். ஆனாலும் மாமா, இரண்டு இருக்கைத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகத்திலேயே அதிகம் விற்றது இதுதான். கின்னஸில் இருக்கிறது. 2016இலேயே பத்து லட்சம் வண்டி செய்துவிட்டார்கள்.

மாமா: அந்தப் பத்து லட்சம் பேரில் ஒருவர்கூட உங்களிடம் ஜிப்பைப் பற்றிச் சொல்லவில்லையா? இந்த மடிப்பில் என்ன, பஞ்சு? மெத்தை வைத்துத் தைத்திருக்கிறார்களா?

மாப்பிள்ளை: இல்லையே.

மாமா: அப்படியானால் எலி. இந்தக் கூரைக்கு அடியில் ஒழுங்காகக் குடியிருந்தது அது ஒன்றுதான். உள்ளே ஏறுங்கள். நான் சட்டத்தைப் பிடித்துத் தொங்குகிறேன், நீங்கள் கொக்கியை மாட்டுங்கள்.

(மாமா தொங்குகிறார். ஒரு கொக்கி விழுகிறது. மாமாவின் சட்டைப் பொத்தானும் ஒன்று விழுகிறது. மூன்றாம் முயற்சியில் அடுத்த கொக்கியும் மாட்டிக்கொள்கிறது. மழை கொட்டுகிறது. ஜன்னல் விரிசல் வழியாக மாப்பிள்ளையின் பிடரியில் சொட்டுகிறது. பத்து நிமிடத்தில் மழை நின்று வெயில் வருகிறது.)

மாப்பிள்ளை: நல்ல வெயில், மாமா! கூரையை மடக்கிவிட்டு ஒரு சுற்றுப் போய் வருவோமா?

மாமா: சொட்டச் சொட்ட ஈரத்தோடா?

மாப்பிள்ளை: ஜிப்பைத் திறந்துவிட்டுத்தான் மடக்குவேன், மாமா.

மாமா: சாவியை இப்படிக் கொடுங்கள்.