அதை அதிசயம் என்று சொல்லாதீர்கள்

கல்லூரிக் கூடைப்பந்தில் அதிகம் கேள்விப்படாத ஓர் அணி பெரிய அணியைச் சாய்த்துவிட்டால், மறுநாள் எல்லோரும் அதை 'அதிசயம்' என்றே எழுதுகிறோம். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை. அப்படிச் சொன்ன மாத்திரத்தில், வென்றவர்கள் போட்ட உழைப்பு முழுவதும் கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறது.

2023 மார்ச் 17 அன்று ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் நடந்த ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கல்லூரி அணிகளின் தேசியப் போட்டியான என்சிஏஏ போட்டியில் ஒவ்வொரு பிரிவிலும் அணிகளுக்குப் பலத்தின்படி 1 முதல் 16 வரை வரிசை எண் தரப்படும். முதல் எண் பெற்ற அணி பதினாறாம் எண் அணியுடன் மோதும். முதல் எண்ணுடன் வந்த பர்டூ, பிக் டென் என்ற பெரிய லீகின் பட்டத்தை வென்ற அணி. அதன் நடு ஆட்டக்காரர் ஸாக் ஈடீயின் உயரம் 7 அடி 4 அங்குலம். எதிரே நின்ற நியூ ஜெர்சியின் ஃபேர்லி டிக்கின்சன், முந்தைய பருவத்தில் நான்கே ஆட்டங்களில் வென்று 22 ஆட்டங்களில் தோற்றிருந்தது; கல்லூரி ஆட்டத்தின் மேல் அடுக்கான டிவிஷன் ஒன்றின் 363 அணிகளில் அதைவிடச் சராசரி உயரம் குறைந்த அணி வேறில்லை. அதன் முக்கிய ஆட்டக்காரர்களில் ஒருவரான டெமெட்ரே ராபர்ட்ஸின் உயரம் 5 அடி 8 அங்குலம்.

ஈடீயோடு உயரத்தில் போட்டி போட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே அவருக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று நின்று, பந்து அவரிடம் போய்ச் சேரும் வழியை அடைத்தார்கள். பந்தைக் கொண்டுவருபவரை மைதானத்தின் முழு நீளத்துக்கும் விரட்டினார்கள். ஒருவருக்கு இரண்டு பேர் காவல் நின்றால் வெளியே யாராவது ஒருவர் தனியாக நிற்பார் அல்லவா? அவர் தொலைவிலிருந்து மூன்று புள்ளிக்கு வீசட்டும் என்று விட்டுவிட்டார்கள். பர்டூ அப்படி 26 முறை வீசி, ஐந்து முறைதான் பந்தைக் கூடைக்குள் போட்டது. வீச்சு தவறியதில் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருக்கலாம். யாரை வீசவிடுவது என்பதைத் தீர்மானித்ததில் அதிர்ஷ்டம் எதுவும் இல்லை. ஈடீ 21 புள்ளிகளும் 15 ரீபவுண்டுகளும் (தவறித் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தும் ஃபேர்லி டிக்கின்சன் 63-58 என்று வென்றது. அதன் பயிற்சியாளர் டோபின் ஆண்டர்சன் முந்தைய ஆட்டம் முடிந்ததுமே, பர்டூவைப் பார்க்கப் பார்க்க நம்மால் வெல்ல முடியும் என்றே தோன்றுகிறது என்று உடை மாற்றும் அறையில் தன் பையன்களிடம் சொன்னார். அதைத் திமிர் என்றவர்கள் உண்டு. எதிரணியின் ஆட்டத்தை உட்கார்ந்து படித்தவரின் பேச்சாகத்தான் எனக்கு அது பட்டது.

2018-இல் பதினாறாம் எண் அணியான யூஎம்பிசி முதல் எண் அணியான வர்ஜீனியாவை வென்றபோதும் இதே சொல்தான் வந்தது. அதற்கு முன் ஆடவர் போட்டியில் முதல் எண் அணிகள் பதினாறாம் எண் அணிகளிடம் ஆடிய 135 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்றதில்லை. பாதி நேரத்தில் 21-21 என்று சமமாக இருந்த ஆட்டம் 74-54 என முடிந்தது. கடைசி நொடியில் விழுந்த ஒரு பந்தை வேண்டுமானால் அதிர்ஷ்டம் எனலாம், இருபது புள்ளி வித்தியாசத்தை எப்படி அப்படிச் சொல்வது? வர்ஜீனியாவின் டிஆண்ட்ரே ஹன்டர் காயத்தால் ஆடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். (இதையே வரலாற்றில் முதல் முறை என்று எழுதுபவர்கள் மகளிர் போட்டியை மறந்துவிடுகிறார்கள், 1998-லேயே ஹார்வர்ட் பெண்கள் ஸ்டான்ஃபோர்டை 71-67 என்று வென்றுவிட்டார்கள்.)

ஃபேர்லி டிக்கின்சனுக்கு அதிர்ஷ்டமே அடிக்கவில்லை என்று நான் வாதிடவில்லை. அது அடித்தது பர்டூ ஆட்டத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்பு. தங்கள் லீகின் இறுதி ஆட்டத்தில் அவர்கள் மெரிமாக்கிடம் 67-66 என்று ஒரே புள்ளியில் தோற்றிருந்தார்கள். ஆனால் மெரிமாக் அப்போதுதான் டிவிஷன் இரண்டிலிருந்து மேலேறிக்கொண்டிருந்ததால் விதிப்படி என்சிஏஏ போட்டியில் ஆட முடியாது. அந்த இடம் தோற்றவர்களுக்குக் கிடைத்தது. கொலம்பஸில் பர்டூ வீழ்ந்த இரவில், அவர்களை வென்ற மெரிமாக் ஆட்டக்காரர்கள் போட்டியிலேயே இல்லை.