டட்லியைக் குற்றவாளி ஆக்கும் முன்

இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்துக்கு மிக நெருக்கமாக இருந்தவர் ராபர்ட் டட்லி. அவர்தான் தன் மனைவி ஏமி ராப்சார்ட்டை ஆள் வைத்துக் கொன்றார் என்று நான் படித்த ஒரு கட்டுரை அடித்துச் சொல்கிறது. எனக்கு அது ஒட்டவில்லை. 1560 செப்டம்பர் 8 அன்று ஏமி ஆக்ஸ்போர்டு அருகே கம்னர் மாளிகையில் படிக்கட்டின் அடியில் கழுத்து முறிந்து கிடந்தபோது, டட்லி விண்ட்சரில் ராணி எலிசபெத்துடன் இருந்தார். சரி, ஏவி விட்டவர் அங்கேயே நிற்க வேண்டியதில்லைதான். ஆனால் இந்தச் சாவால் அதிகம் நஷ்டப்பட்டவரும் அவரே. ராணியைக் கட்டிக்கொள்ளத்தான் மனைவியைத் தீர்த்துவிட்டார் என்று ஊர் வாய் பேசிய பிறகு ராணி அவரை எப்படிக் கல்யாணம் செய்துகொள்வார்?

என்னை உறுத்துவது வேறு. அன்று வேலைக்காரர்களை எல்லாம் ஆபிங்டன் சந்தைக்குப் போகச் சொல்லி வற்புறுத்தியதே ஏமிதான். போக மறுத்த ஒரு பெண்மணியிடம் கோபப்பட்டும் இருக்கிறார். தனிமையை ஏன் அவ்வளவு விரும்பினார்? விசாரணைக் குழு விபத்து என்றே தீர்ப்பளித்தது. 2008இல் கண்டெடுத்த அந்தக் குழுவின் அறிக்கையிலோ தலையில் இரண்டு காயங்கள். ஒன்று இரண்டு அங்குல ஆழமாம்! வெறுமனே படியில் உருண்டால் இப்படி ஆகுமா?

அப்புறம், மார்பில் நோய் என்ற பேச்சு அவர் உயிரோடு இருந்தபோதே உண்டு. புற்றுநோயால் எலும்பு நொறுங்கியிருக்கலாம் என்ற கருத்தைக் கட்டுரை தொடவே இல்லை.