மதுரைக்கு வந்தால் மத்தியானம் தூங்குங்கள்

லீவு விட்டால் போதும், இன்பாக்ஸில் அதே கேள்விதான். "மதுரை வர்றோம், ஒரு நாள்தான் இருக்கு, என்ன பாக்கலாம்?" கேட்கிறவர்கள் கையில் பட்டியலும் தயாராக இருக்கும். மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மகால், ஜிகர்தண்டா, அப்புறம் ராமேஸ்வரத்துக்கு வண்டி. காலை பத்து மணிக்கு லாட்ஜை விட்டுக் கிளம்பி, வெறுங்காலோடு ஆடி வீதிக் கல்லில் தத்தித் தத்தி ஓடிவிட்டு, "ஊர் ஒரே கூட்டம், ஒரே சூடு" என்று சொல்லிப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் பார்த்தால் நானும் அதைத்தான் சொல்வேன்.

என் கட்சி இதுதான்: மதுரையை விடியலிலும் ராத்திரியிலும் பாருங்கள். மத்தியானம் ரூமில் ஃபேனைப் போட்டுத் தூங்குங்கள். கோயிலிலேயே மத்தியானம் நடை சாத்திவிட்டுச் சாயங்காலம்தான் திறக்கிறார்கள். அம்மனே ஓய்வெடுக்கும்போது உங்களுக்கு என்ன அவசரம்?

விடியற்காலையில் முதலில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். திருமங்கலம், உசிலம்பட்டி பக்கமிருந்து வந்து இறங்கிய மல்லிகை, சாக்கை அவிழ்த்தால் இன்னும் மொட்டாகவே இருக்கும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூ இது. ஒரு மொட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். இதழ் தடிப்பு, காம்பு நீளம். நெருக்கமாகத் தொடுக்க வருவதும் சீக்கிரம் வாடாமல் இருப்பதும் அதனால்தான். முகூர்த்த நாளாக இருந்தால் நீங்கள் நிற்கும்போதே விலை ஏறும். வாங்காமல் வேடிக்கை பார்த்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், வழியை மறிக்காமல் நின்றால் சரி.

அங்கிருந்து ஊருக்குள் வந்து, வெளியிலிருந்து உள்ளே நடந்து பாருங்கள். இதை யாரும் சுற்றுலாத் திட்டத்தில் சேர்ப்பதில்லை. என்னைக் கேட்டால் மதுரையில் செய்யவேண்டிய முதல் காரியமே இதுதான். வெளி வீதி, மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி, கடைசியில் மதிலுக்குள் ஆடி வீதி. ஒன்றுக்குள் ஒன்றாகக் கோயிலைச் சுற்றி வரும். வெளி வீதிப் பக்கம் ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். அவர் நினைவாக வைத்த விளக்குதான் விளக்குத்தூண். அதைச் சுற்றி ஜவுளி வாங்குகிற கூட்டத்தில் எத்தனை பேர் அண்ணாந்து அந்த விளக்கைப் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

மேல மாசி வீதியில் 251-ஆம் எண் வீட்டைத் தேடிப் பிடியுங்கள். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி சட்டையை விட்டு அரைவேட்டிக்கு மாறியது இங்கே தங்கியிருந்தபோதுதான். அப்படியே தமுக்கத்துக்குப் பக்கத்தில் காந்தி மியூசியத்துக்கும் போய்விடுங்கள். ராணி மங்கம்மாள் அரண்மனை அது. சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அந்த உடை தொடங்கிய ஊரிலேயே அதன் கடைசித் துணியும் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கிற வாய்ப்பு வேறு எந்த ஊரிலும் கிடையாது. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தவிர அங்கே கூட்டத்தைப் பார்ப்பது அபூர்வம்.

கீழக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபம், அதையும் தாண்டினால் ராய கோபுரம். திருமலை நாயக்கர் தொடங்கி, முடிக்காமலே விட்டது. கொடி ஓடுகிற வேலைப்பாட்டோடு ராட்சதக் கல் நிலைகள் மட்டும் கடைகளுக்கு நடுவே நிற்கும். மேலே கோபுரம் வந்திருந்தால் எவ்வளவு உயரம் போயிருக்கும் என்று அடியில் நின்று அண்ணாந்து பார்த்து நீங்களே கணக்குப் போடலாம். முடிந்துபோன கோபுரங்களில் இந்தச் சுகம் இல்லை.

சரி, தூங்கி எழுந்தாச்சா? கோயிலுக்கு இப்போது போகாதீர்கள், ராத்திரி போங்கள். பள்ளியறைப் பூசைக்குச் சொக்கநாதரின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து, மேளத்தோடு மீனாட்சி சன்னதிக்குக் கொண்டுவருவார்கள். அம்மனுக்குத் தீபாராதனை காட்டும்போது எல்லார் கண்ணும் மூக்குத்தி மேல்தான். தினமும் வருகிற கடைக்காரர்கள், பக்கத்துத் தெரு அம்மாக்கள் எனப் பாதிப் பேர் உள்ளூர்க்காரர்களாக இருப்பார்கள். போனை வெளியிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அதனால் எல்லாரும் பல்லக்கைத்தான் பார்ப்பார்கள்.

வெளியே வந்தால் பரோட்டாக் கல்லில் கொத்துகிற சத்தம் கூப்பிடும். ஆனால் நீங்கள் தேடவேண்டியது பருத்திப்பால் வண்டி. பருத்திக் கொட்டையை ஆட்டிப் பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சியது. சூடாக ஒரு டம்ளர். ஜிகர்தண்டாவை நான் குறை சொல்லவில்லை, ஊரில் இருக்க விடமாட்டார்கள். இருந்தாலும் என் ஓட்டு பருத்திப்பாலுக்குத்தான்.

இன்னொரு காலை கிடைத்தால் மலை. கீழக்குயில்குடி சமணர் மலைக்கு ஏழு மணிக்கு முன்பே போய்விடுங்கள். அடிவாரத்தில் தாமரைக் குளமும் கருப்பசாமி கோயிலும். மேலே பேச்சிப்பள்ளத்தில் சமண குருமார்களான தீர்த்தங்கரர்கள் பாறைச் சிற்பங்களாக வரிசையாக இருக்கிறார்கள், கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் செய்வித்தவர்களின் பெயர்கள். ஆயிரம் வருஷம் தாண்டிய எழுத்துக்குப் பக்கத்திலேயே தன் பெயரையும் காதலி பெயரையும் கீறிவைக்கிற ஆட்களை என்ன செய்வது?

மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி மலை இதைவிட அமைதி. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். தமிழி என்ற மிகப் பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டு, பாறையைக் குடைந்த கோயில், சுனைகள், வல்லூறு என எல்லாம் ஒரே இடத்தில். 2024-ல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலப் பகுதியில் இதுவும் வந்தது. ஊர் ஊராக மக்கள் தெருவில் இறங்கிய பிறகு 2025 ஜனவரியில்தான் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அங்கே போகிறவர்கள் தனியாக ஏறாமல் ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். எந்தச் சுனை எந்த மாசம் வற்றும் என்பது வரை சொல்வார். தண்ணீர் பாட்டிலைத் திரும்ப எடுத்து வாருங்கள். அவருக்குக் கொடுக்கிற காசில் பேரம் பேசாதீர்கள்.