பிள்ளைக்கு என்ன வயசு?

மன்னார்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது பெயருக்குத்தான், பிழைப்பு ஆன்லைன் விண்ணப்பத்தில் ஓடுகிறது. பட்டா, வருமானச் சான்று, சாதிச் சான்று, கொள்முதல் நிலையத்துக்கு நெல் பதிவு. மே மாதம் வந்துவிட்டால் காலேஜ் விண்ணப்பம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் ஒரு அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் மஞ்சப்பை.

"தம்பி, பாப்பாவுக்கு பி.எட்.டுக்குப் போட்டுவிடு."

பையில் இருந்தது பிளஸ் டூ மார்க் ஷீட் மட்டும். பி.எட். சேர முதலில் ஒரு டிகிரி வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. சிரிக்க ஒன்றுமில்லை, வருஷத்துக்குப் பத்துப் பேராவது இப்படி வருகிறார்கள். நம்ம பக்கம் 'டீச்சருக்குப் படிக்கிறது' என்றால் பி.எட்., அவ்வளவுதான். அதற்கு முன்னால் என்ன, பக்கத்தில் என்ன என்று யாரும் சொல்வதில்லை.

நான் அந்தப் பெண்ணிடம் ஒரே கேள்விதான் கேட்டேன். "நீ பாடம் எடுக்கப்போற பிள்ளைக்கு என்ன வயசும்மா?"

அவளுக்குப் புரியவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "ஒண்ணாப்பு, ரெண்டாப்பு சார்." அவளுடைய அத்தை இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தாராம். சாயங்காலம் திண்ணையில் உட்காரும் பிள்ளைகளுக்கு இவள்தான் 'அ' எழுதக் கையைப் பிடிப்பாளாம். "கையப் புடிச்சா மொதல்ல வெடவெடன்னு இருக்கும் சார், நாலு நாள்ல தானா வளையும்."

இதைச் சொன்ன பிள்ளையை பி.எட்.டுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? ஐந்து வருஷம் படித்துவிட்டு, அவள் ஆசைப்பட்ட வகுப்புக்குள்ளேயே நுழைய முடியாது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை இடைநிலை ஆசிரியர் பணி. அதற்கு டி.எல்.எட்., அதாவது தொடக்கக் கல்வி பட்டயப் படிப்பு. பிளஸ் டூ முடித்ததும் இரண்டே வருஷம். 2018இல் பி.எட். முடித்தவர்களும் தொடக்க வகுப்புக்குப் போகலாம் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் ஒரு வழி திறந்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை அடைத்துவிட்டது. குட்டிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது தனி வித்தை, அதற்கென்று படித்தவர்தான் வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். எனக்கு அது நூற்றுக்கு நூறு சரியாகப் படுகிறது.

ஆனால் அண்ணனுக்கு அது ஏறவில்லை. "ரெண்டு வருஷப் படிப்புன்னா மதிப்பு இருக்குமா தம்பி?" சின்னப் பிள்ளைக்கு டீச்சர் என்றால் சின்னப் படிப்பு என்று ஒரு கணக்கு. இந்தக் கணக்கை நம் ஊரில் எவன் போட்டு வைத்தானோ தெரியவில்லை. பட்டயம் முடித்துவிட்டு அப்புறம் டிகிரி படிப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை என்று சொன்னேன். தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்ட ஆட்டல் இல்லை அது.

சரி, ஆறாம் வகுப்புக்கு மேலே உள்ள பிள்ளைகள்தான் வேண்டும் என்றால் டிகிரி, அப்புறம் பி.எட். இங்கேதான் பதினேழு வயதில் ஒரு குழி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடம் இருக்கிறதோ அதில் டிகிரி இருந்தால்தான் பி.எட்.டுக்குள் சிக்கல் இல்லாமல் போகலாம். தமிழ், ஆங்கிலம், கணக்கு, இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் மாதிரி. பி.காம். முடித்துவிட்டு நேரே பி.எட்.டுக்கு வருகிறவர்களை வருஷா வருஷம் திருப்பி அனுப்புகிறேன். வணிகவியல் பதினொன்றாம் வகுப்பில்தானே தொடங்குகிறது? அதனால் எம்.காம். முடித்தால்தான் பி.எட். பொருளாதாரத்துக்கும் இதே கதை. இதை பி.காம். சேரும்போதே யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைகள் கடை வாசலில் நின்று முகம் வாட வேண்டியதில்லை. பி.பி.ஏ. படித்துவிட்டு வருகிறவரிடம் நான் ஒன்றும் சொல்வதில்லை, டீ வாங்கிக் கொடுத்துவிடுகிறேன்.

எங்கே படிப்பது? ஒரத்தநாட்டில் அரசு கல்வியியல் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசே நடத்தும் கல்வியியல் கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று நம் வாசலில் இருக்க, கூட்டமெல்லாம் வேறு பக்கம் போகிறது. ஏன் போகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும், நானே போனவன்.

நான் பி.எட். படித்தது 2009இல். அப்போது ஒரு வருஷப் படிப்பு, 2015இலிருந்துதான் இரண்டு வருஷம். சேர்ந்த இடத்தின் பெயர் வேண்டாம். ஆபீசில் ஒருவர் சொன்னார்: "அட்டென்டன்ஸ நாங்க பாத்துக்கிறோம், நீங்க பரீட்சைக்கு வந்தாப் போதும்." எவ்வளவு பெரிய சலுகை என்று நினைத்தேன்! ரெக்கார்டு நோட்டை ஒருவர் காசுக்கு எழுதிக் கொடுத்தார். பாடக் குறிப்பு அவருடையது, சார்ட் அவருடையது, கையெழுத்து மட்டும் என்னுடையது. கற்பித்தல் பயிற்சி என்று ஒரு பள்ளிக்கூடத்தில் சீல் வாங்கினேன். பட்டம் வந்தது.

2010 ஜூனில் ஒரு தனியார் பள்ளியில் நாலாயிரம் ரூபாய்க்குச் சேர்ந்தேன். எட்டாம் வகுப்பு, கணக்கு, நாற்பத்து மூன்று பிள்ளைகள். போர்டில் எழுதத் திரும்பினேன். எழுத்து இடப்பக்கம் பெரிசாகத் தொடங்கி, வலப்பக்கம் போகப்போகச் சரிந்து தரையைப் பார்த்தது. முதுகுக்குப் பின்னால் சளசளப்பு. மூன்றாம் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், மைனஸ் ரெண்ட மைனஸ் மூணால பெருக்கினா ஏன் சார் பிளஸ் ஆறு வருது?"

"அது அப்படித்தான்" என்றேன்.

அவன் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க என்னிடம் அவன் ஒரு சந்தேகம் கேட்கவில்லை.

ஸ்டாஃப் ரூமில் ஓய்வு பெற்றுவிட்டு வேலை பார்த்த ஒரு வாத்தியார் இருந்தார். அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "தம்பி, உனக்கு மூணு பேருகிட்ட தலா ரெண்டு மரக்கால் நெல் கடன் இருக்கு. மூணு கடனும் தள்ளுபடின்னா உனக்கு எவ்வளவு மிச்சம்?" ஆறு மரக்கால். "அதான். கடன் மைனஸ், கடன எடுத்துவிடறதும் மைனஸ்." கூட்டுறவு சங்கக் கடனில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைவிட நன்றாக எப்படிச் சொல்ல முடியும்? அவருக்கு இது புத்தகத்திலிருந்து வரவில்லை. பயிற்சிக் காலத்தில், பின் பெஞ்சில் மேற்பார்வை ஆசிரியர் நோட்டோடு உட்கார்ந்திருக்க, திணறித் திணறி எடுத்த பாடத்திலிருந்து வந்தது. இப்போதைய இரண்டு வருஷ பி.எட்.டில் இருபது வாரம் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். அந்த இருபது வாரத்துக்குத்தான் ஃபீஸ். அதைக் காசு கொடுத்துத் தப்பிக்கிறவர்கள் பொருளை வாங்கிக் கடையிலேயே வைத்துவிட்டு வெறும் பையோடு வீட்டுக்கு வருகிறார்கள்.

2012 ஜூலையில் தமிழ்நாட்டில் முதல் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதினேன். 150 கேள்வி, ஒன்றரை மணி நேரம். நூறு பேரில் ஒருவர்கூடத் தேறாத தேர்வு அது. நானும் தேறவில்லை. கடை திறந்தது அதற்கப்புறம்.

திருவாரூர் பக்கம் நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அங்கே கணக்கில் ஒருங்கிணைந்த பி.எஸ்சி. பி.எட். நான்கு வருஷத்தில் முடிகிறது. மூன்றும் இரண்டும் ஐந்து என்ற கணக்கில் ஒரு வருஷம் மிச்சம். இதில் சேர என்.சி.இ.டி. என்று தேசிய அளவில் தனி நுழைவுத் தேர்வு உண்டு. பிளஸ் டூ ரிசல்ட் வரும்வரை காத்திருந்தால் விண்ணப்பத் தேதி போயிருக்கும். நம் வயலுக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் வெளிமாநிலப் பிள்ளைகள் படிக்க, நம் பிள்ளைகள் பஸ்ஸில் அதைக் கடந்து போகிறார்கள். நுழைவுத் தேர்வு நல்லதா கெட்டதா என்பது வேறு சண்டை. இருக்கிற வரை எழுதிப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

பதினொன்று, பன்னிரண்டு வேண்டுமென்றால் எம்.ஏ., எம்.எஸ்சி.யோடு பி.எட். டிகிரியில் ஒரு பாடம், முதுகலையில் வேறு பாடம் என்று மாற்றிப் படிக்காதீர்கள், ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) அறிவிப்பு வரும் அன்று வயிற்றைக் கலக்கும். கல்லூரிப் பிள்ளைகள் என்றால் பி.எட். தேவையே இல்லை. முதுகலை, அப்புறம் நெட் அல்லது செட் என்கிற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு, முனைவர் பட்டம்.

யாரும் கேட்காத ஒன்று சிறப்புக் கல்வி பி.எட். காது கேளாத, பார்வையில்லாத, அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கானது. இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துச் சேர வேண்டும். தொடக்க வகுப்பில் இப்படிப்பட்ட பத்துப் பிள்ளைக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், மேல் வகுப்பில் பதினைந்துக்கு ஒருவர் என்று விதி வந்துவிட்டது. என் கடையில் இதுவரை இதற்கு விண்ணப்பம் போட்டவர் இரண்டே பேர்.

அப்புறம் பி.எஸ்.டி.எம். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை, 2010ஆம் வருஷச் சட்டம். 2020இல் திருத்தினார்கள்: ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்கான படிப்பு வரை எல்லாமே தமிழ்வழியாக இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்துவிட்டு, கௌரவத்துக்காக பி.எட்.டில் 'இங்கிலீஷ் மீடியம்' என்று டிக் அடிக்கிறார்கள். ஒரு டிக்கில் பதினைந்து வருஷம் போச்சு! பி.எட். விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் வந்ததும் நான் மவுசிலிருந்து கையை எடுத்துவிடுவேன். "வீட்டுல கேட்டுட்டு வாங்க" என்பேன். கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனவர்களும் உண்டு.

வேலை கிடைத்துவிடுமா என்று கேட்டால் உத்தரவாதம் தர என்னால் முடியாது. டெட் தேறினாலும் நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு எழுத வேண்டும். வேலைக்குப் போனவர்களுக்கும் நிம்மதி இல்லை. 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது: ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிற ஆசிரியர்கள் இரண்டு வருஷத்துக்குள் டெட் தேற வேண்டும். அப்போது டெட் விண்ணப்பத்துக்குச் சில நாள்தான் மிச்சம். நரைத்த தலைகள் வரிசையாக என் கடையில். அதில் ஒருவர் எனக்கே பாடம் எடுத்தவர். "இனிஷியல சரியா போடுடா" என்றார். இருபது வருஷம் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தவரை இந்த வயதில் உட்கார வைப்பது நியாயமா என்று அன்று மனசு கேட்கவில்லை. புதிதாக வருகிறவர்களுக்குத் தேர்வு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது, இவர்கள் விஷயத்தில் உண்டு.

மூன்று நாள் கழித்து அந்தப் பெண் தனியாக வந்தாள். தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் தமிழ்வழிச் சான்று கேட்டு வைத்திருக்கிறாளாம், அடுத்த வாரம் தருவாராம்.

"அப்பா பி.எஸ்சி. கணக்குதாங்கறாரு சார். ரெண்டுக்கும் போட்டுடுங்க."

கலைக் கல்லூரி விண்ணப்பத்தை அன்றே போட்டேன். டி.எல்.எட். அறிவிப்பு வந்ததும் கூப்பிட்டு அதையும் போட்டுவிட்டேன். காசு ஒன்றுக்குத்தான் வாங்கினேன். இன்னொன்றை அப்பா வந்தால் அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.